மைக் முன்னால் ஆங்கிலம்: தமிழ்வழியில் படித்த மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் பொறியியல் கல்லூரியில் கொடுத்த முதல் செமினார் மொத்தம் 40 வினாடி. "குட் மார்னிங் ஆல்" என்று ஆரம்பித்துத் தலைப்பைச் சொல்லியிருக்கிறாள். அதோடு சரி. 12 ஸ்லைடும் காத்துக்கிடக்க, வந்து உட்கார்ந்துவிட்டாள். இரவு போனில் ஒரே அழுகை. "வாயே திறக்கல மாமா. எல்லாம் தெரியும், ஒண்ணும் வரல."

இதே பெண் சங்கரன்கோவில் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தபோது தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் மாவட்ட அளவு வரைக்கும் போனவள். ஆண்டு விழாவில் அவள் பேச எழுந்தால் பின்வரிசையில் சத்தம் அடங்கும். அப்படிப்பட்டவளுக்கு 60 பேர் உட்கார்ந்த வகுப்பு எப்படிப் பயமாகிப் போனது? அவளுடைய அறைத்தோழி கதை இன்னும் விசித்திரம். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவள், விடுதியில் சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தான். ஆனால் செமினார் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள்.

இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல் என்று கல்லூரியில் ஒரே வகுப்புக்கு அனுப்பினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேடையைப் பார்த்து வரும் பயம் வேறு, ஆங்கிலத்தைப் பார்த்து வரும் பயம் வேறு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேடையில் தீர்க்கப் போனால் இரண்டும் சேர்ந்துகொண்டு ஆளை உட்கார வைத்துவிடும். தனித்தனியாகப் பிரித்து, இரண்டையும் பழக்கி, பிறகு சேர்க்க வேண்டும். அவளோடு 10 மாதம் போனிலேயே செய்து பார்த்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நானும் தமிழ்வழிதான். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லாததால் நான்கு வருடம் ஆனது.

படி 1: உங்களுக்கு எந்தப் பயம்?

இரண்டு சோதனை போதும். ஒன்று, நண்பர்கள் ஐந்து பேரை உட்கார வைத்து, உங்கள் ஊரைப் பற்றித் தமிழில் இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். இன்னொன்று, கதவைச் சாத்திக்கொண்டு அதே ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

தமிழில் பேசும்போதே கை நடுங்கினால் உங்கள் சிக்கல் மேடை. அதற்கு ஆங்கிலப் புத்தகம் வாங்கிப் பயனில்லை. தமிழிலேயே வாரம் இரண்டு முறை எங்காவது எழுந்து பேசுங்கள். நன்றியுரை கிடைத்தாலும் விடாதீர்கள். தமிழ் சரளமாக வந்து, தனியறையில் ஆங்கிலம் திக்கினால் சிக்கல் மொழி. என் அக்கா மகள் இந்த வகை.

ஆங்கிலம் வந்துவிட்டால் மேடைப் பயம் தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் காந்தியின் கதையைப் படிக்க வேண்டும். 1891இல் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் என்ன குறை?

வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், அவையஞ்சாமை. "பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்" என்கிறார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறைய பேர் கிடைப்பார்களாம், சபையில் பயப்படாதவர்கள்தான் அபூர்வமாம். ஆங்கிலம் இந்த மண்ணுக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னால் எழுதியது.

படி 2: கண்ணால் படித்ததை வாய்க்குக் கொண்டுவருதல்

பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்திருக்கிறோம். எல்லாம் கண்ணால் படித்தது, கையால் எழுதியது. வாய் வேலை செய்தது பெரும்பாலும் காலை வழிபாட்டில் "இந்தியா இஸ் மை கன்ட்ரி" என்ற உறுதிமொழிக்கு மட்டும். அது இன்றைக்கும் தடங்காமல் வருகிறது, கவனித்தீர்களா? அதன் இலக்கணத்தை யாரும் நமக்கு விளக்கவில்லை. தினமும் வாயால் சொன்னோம், அவ்வளவுதான். செந்தமிழும் நாப்பழக்கம் என்று தமிழுக்கே சொல்லியிருக்கும்போது ஆங்கிலம் மட்டும் பார்த்தே வந்துவிடுமா?

முதல் 15 நாள் தினமும் 15 நிமிடம் சத்தமாக வாசிப்பது மட்டும்தான் வேலை. எதை வாசிப்பது? ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை வாசி என்று நமக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அது வாய்க்காக எழுதியதல்ல. ஒரு வாக்கியம் ஐந்து வரி போகும். உங்கள் பாடப்புத்தகத்திலேயே நன்றாகப் புரிந்த ஒரு பத்தியை எடுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மூளை சும்மா இருக்கும், வாய் மட்டும் உழைக்கும். ஒரே பத்தியை மூன்று நாள் வாசியுங்கள்.

அடுத்த 15 நாள் நிழல் போலத் தொடர்ந்து பேசும் பயிற்சி. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியோ, பிபிசி கற்போருக்காகத் தரும் ஆறு நிமிட நிகழ்ச்சியோ எதுவானாலும் சரி. காதில் கேட்கக் கேட்க, ஒரு சொல் பின்தங்கியபடி நீங்களும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தி நிறுத்திச் செய்யக் கூடாது. தவறவிட்ட சொல்லை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் பாதிக்குமேல் போய்விடும். ஒரு வாரத்தில் எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல்லை அழுத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலேயே நாக்கில் ஏறியிருக்கும்.

விடுதியில் கேலி செய்வார்கள். என் அக்கா மகள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரத்தை எடுத்துக்கொண்டாள். நான் படித்த காலத்தில் பம்புசெட் ஓடும் சத்தத்தில் கத்தி வாசித்தேன். அது நல்ல மறைவு.

படி 3: எந்த ஒலியைத் திருத்துவது, எதை விடுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பயிற்சி மையங்கள் "அக்சென்ட்" என்ற பெயரில் காசு பறிப்பது இங்கேதான்.

அப்துல் கலாம் ராமேஸ்வரத்திலும் ராமநாதபுரத்திலும் பள்ளிப்படிப்பை முடித்தவர். அவர் ஆங்கிலத்தில் கடைசி வரைக்கும் தமிழ் மணத்தது. உலகத்தின் எந்த அரங்கிலும் அவர் பேசியது புரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. இன்னொரு பக்கம் வலங்கைமானில் 1869இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரி என்ற அரசியல் தலைவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், உச்சரிப்பில் அப்படியொரு கறார். வெள்ளி நாக்கு என்று ஆங்கிலேயர்களே கொண்டாடினார்கள். சாஸ்திரி ஆக விருப்பமிருந்தால் ஆகுங்கள். ஆனால் நமக்குத் தேவை கேட்பவருக்குப் புரிவது, அதற்கு நான்கைந்து ஒலிகளைச் சரிசெய்தால் போதும்.

முதலாவது, சொல் முடிவில் வரும் "உ". தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் ரோட் நமக்கு ரோடு ஆனது, பேங்க் பேங்கு ஆனது. பள்ளியில் குற்றியலுகரம் படித்தோமே, அதேதான் ஆங்கிலம் பேசும்போதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "டேக்கு திஸ் புக்கு" என்கிறோம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு "புக்" என்று சொல்லி, க் வந்ததும் நாக்கை அப்படியே நிறுத்திப் பாருங்கள். குரல் அங்கே அறுபட வேண்டும். ஒரு வாரப் பயிற்சியில் போய்விடும். மற்ற எதைவிடவும் இது ஒன்று பேச்சின் தோற்றத்தை மாற்றும்.

இரண்டாவது, சொல் தொடக்கத்தில் நுழையும் ய், வ். எம்எல்ஏ என்பதை யெம்மெல்லே என்று சொல்லும் அதே வாய்தான் "யெவ்ரி", "வொன்லி" என்கிறது. "எ" என்று தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி விட்டால் சரியாகும்.

மூன்றாவது, பேக். இப்படி எழுதினால் அது பையா, முதுகா, கட்டுவதா? தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. அதனால் பேச்சுக் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். (நான் இங்கே அப்படி எழுதுவது வேறு வழியில்லாமல்.) ப, ஃப இரண்டையும் பிரிப்பதும் இதோடு சேர்ந்தது. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் ஃப, உதடு இரண்டும் ஒட்டினால் ப.

நான்காவது அழுத்தம். தமிழில் எழுத்துகளை ஏறக்குறைய ஒரே எடையோடு சொல்லிக்கொண்டு போவோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாக நிற்கும், மற்றவை பம்மும். கெபாசிட்டர் என்பதில் இரண்டாம் அசை, டெவலப் என்பதிலும் இரண்டாவது, ஃப்ரீக்வென்சியில் முதலாவது. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை, அதே சொல் ஃபோட்டோகிராஃபி ஆகும்போது இரண்டாவதுக்குத் தாவிவிடும். இதற்குச் சுருக்கு வழி கிடையாது. உங்கள் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் 20 சொற்களை மட்டும் எடுத்து, இணைய அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டு, அழுத்தம் விழும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிடர்மைன் என்று நாம் சொல்லிவரும் சொல் டிடர்மின் என்பதும், ரிசீட்டில் "ப்" ஒலிக்காது என்பதும் அப்போது தெரியவரும்.

சரிபார்க்க ஆள் இல்லையா? போன் விசைப்பலகையில் மைக் குறியைத் தட்டி, மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்துவிட்டுப் பேசுங்கள். அது எதை எழுதுகிறது என்று பாருங்கள். என் அக்கா மகள் "சிக்னல்" என்று சொன்னதை முதல் வாரம் அது என்னென்னவோ எழுதியது. இயந்திரம் முகம் சுளிக்காது, அதுதான் அதில் வசதி.

படி 4: வாக்கியத்தை வெட்டுதல்

தமிழில் வினை கடைசியில் வரும். "நேற்று மழை பெய்து பஸ் வராததால் நடந்தே வந்து சேரும்போது மணி பத்தாகிவிட்டது" என்று எங்கே முடிப்போம் என்று தெரியாமலேயே ஆரம்பித்துவிடலாம். எச்சங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. யார் என்று சொன்ன அடுத்த கணமே என்ன செய்தார் என்று சொல்லியாக வேண்டும். தமிழில் நீளமாக யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் வாய் திறக்கும்போது, நமக்குத் தேவையான வினை வாக்கியத்தின் மறுகோடியில் மாட்டிக்கொண்டிருக்கும். நாம் "ஆ... ம்ம்" என்று நிற்பது பெரும்பாலும் இதனால்தான், சொல் தெரியாமல் அல்ல.

எனவே வெட்டுங்கள். "இட் ரெயின்ட். த பஸ் டிட் நாட் கம். சோ ஐ வாக்ட். ஐ வாஸ் லேட்." நான்கு வாக்கியம், சிறு பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் மேடையில் கேட்பவருக்கு இதுதான் வசதி. ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் இரவில் அன்று நடந்ததை இப்படி 10 சின்ன வாக்கியங்களில் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். முதலில் யார், அடுத்து என்ன செய்தார், பிறகு மீதி. குரல் செய்தியாக அனுப்புவாள். நான் திருத்த மாட்டேன். ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்புவேன். ஒவ்வொன்றையும் திருத்தியிருந்தால் இரண்டாம் வாரமே நிறுத்தியிருப்பாள்.

நம்மூர்ப் பிழைகள் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே களைந்துவிடலாம். "மைசெல்ஃப் இன்னார்" வேண்டாம், "ஐ ஆம் இன்னார்" போதும். "மை நேட்டிவ் இஸ்" என்பதற்குப் பதில் "ஐ ஆம் ஃப்ரம்". "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வேண்டாம், "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" போதும். டிஸ்கஸ் பக்கத்தில் அபௌட் வராது. இவ்வளவுதான். இலக்கணம் முழுவதும் முடித்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருந்தால் கல்லூரியே முடிந்துவிடும்.

படி 5: பேச்சைத் தயார் செய்தல்

மனப்பாடம் நமக்குக் கைவந்த கலை. அதனாலேயே அது மேடையில் காலை வாரும். முழுப் பேச்சையும் உருப்போட்டவர் ஒரு சொல்லை மறந்தால் அதற்கடுத்த எல்லாமே போய்விடும். என் அக்கா மகள் அன்றைக்கு நின்றதும் இப்படித்தான். மூன்றாம் வாக்கியத்தின் முதல் சொல் வரவில்லை.

முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்கு. நடுவில் உள்ளதற்கு ஒரு அட்டையில் ஐந்து சொற்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு பகுதியைத் திறக்கும் சாவி. அந்தப் பகுதியை ஒவ்வொரு ஒத்திகையிலும் வேறு வேறு வாக்கியங்களில் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் போக முடியும்.

அளவு முக்கியம். பழகிய பேச்சாளர்கள் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை பேசுவார்கள். கற்பவர் 100 அல்லது 110 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடப் பேச்சென்றால் 550 சொல்லுக்கு மேல் சரக்கு வேண்டாம். அவளுடைய 12 ஸ்லைடை ஐந்தாக்கினோம். ஸ்லைடில் முழு வாக்கியம் இருந்தால் கண் அங்கேதான் போகும், முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கத் தோன்றும். படமும் எண்ணும் மட்டும் வைத்தோம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு வேலை. "இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறவர் வீட்டில் என்ன சொல்வார்?" என்பதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை.

படி 6: ஆளை ஒவ்வொன்றாகக் கூட்டுதல்

நியூசிலாந்தில் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியலாளர் பரவலாக்கிய ஒரு பயிற்சி இருக்கிறது, 4/3/2 என்று பெயர். ஒரே பேச்சை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அதையே இரண்டாமவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் மாறுவதால் நமக்கும் அலுப்பில்லை, கேட்பவருக்கும் புதிது. மூன்றாம் முறை சொல்லும்போது வாக்கியங்கள் வாயில் தயாராக இருப்பதால் திக்கல் குறைந்திருக்கும். மூன்று பேர் கிடைக்காத நாளில் அறைத்தோழி, அம்மா, போன் கேமரா. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது ஒரு குறையே இல்லை. என் அக்கா கேட்டுவிட்டு, "நடுவுல எதுக்குட்டி அவ்வளவு வேகமா போற?" என்றாள். சரியான விமர்சனம் அது.

மேடைப் பேச்சுப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் அதன் கிளைகள் இருக்கின்றன. விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். அங்கே புதியவர் கொடுக்கும் முதல் பேச்சு தன்னைப் பற்றி நான்கு முதல் ஆறு நிமிடம். தயாரிப்பில்லாமல் ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேச வைப்பதும் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். "ஆ", "ம்ம்", "சோ" எத்தனை வந்தது என்று எண்ணுவதற்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

சிறு ஊர்க் கல்லூரியில் இதெல்லாம் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுதி மொட்டை மாடி, நான்கு பெண்கள். மூன்று நிற ரெக்கார்டு நோட்டு அட்டைதான் விளக்கு. "ஆ" எண்ணும் வேலையை அந்த ஆங்கிலவழி அறைத்தோழிக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு மேடைதானே பயம்? முதல் இரண்டு வாரம் எண்ணிக்கையை மட்டும் எழுந்து நின்று வாசித்தாள். மூன்றாம் வாரம் அவளாகவே ஒரு கதை சொன்னாள்.

மாடியில் நான்கு பேர், லேப் பேட்ச்சில் 15, வகுப்பில் 60. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முறையாவது பேசாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளில் ஆங்கிலப் பயிற்சியும் கிடைக்கிறது. சேருங்கள். ஆனால் சான்றிதழ் வாங்கியதைப் பேசியதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

படி 7: அன்றைய தினம்

சீக்கிரம் போய் வெற்று அரங்கில் ஒரு முறை நின்று பாருங்கள். மைக்கை முகவாய்க்குக் கீழே நான்கு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடினாலோ, ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலோ அது ஊளையிடும். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து முறை. வாய் வறளும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போனதும் உடனே ஆரம்பிக்காமல் நட்பான ஒரு முகத்தைக் கண்டுபிடித்துவிட்டு முதல் வாக்கியத்தைத் தொடங்குங்கள். "மை இங்கிலீஷ் இஸ் நாட் குட், சாரி" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். சொல்லாவிட்டால் பாதிப் பேர் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

படி 8: கேள்வி நேரம்

பேச்சு நம் கையில் இருக்கிறது, கேள்வி அடுத்தவர் கையில். இதற்குத் தயார் செய்யாமல் போய் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டில் வேறொரு கல்லூரியில் பேப்பர் பிரசன்டேஷன். எப்படியோ பேசி முடித்துவிட்டேன். நடுவர் ஒருவர், "குட் யூ எலாபரேட் ஆன் தட்?" என்றார். எலாபரேட் என்றால் என்னவென்று தெரியாது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வி போல இருந்ததால், "யெஸ் சார்" என்று பலமாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அரங்கம் சிரித்த காரணம் விடுதிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கேள்விக்கென்று நான்கு வாக்கியங்களைப் பேச்சை விடவும் நன்றாகப் பழகி வைத்திருங்கள். கேள்வி காதில் விழவில்லை என்றால் "குட் யூ ப்ளீஸ் ரிபீட் த கொஸ்டின்?" ஒரு சொல் புரியவில்லை என்றால் "வாட் டு யூ மீன் பை" என்று அந்தச் சொல்லையே சேர்த்துக் கேளுங்கள். புரிந்தது ஆனால் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "யூ ஆர் ஆஸ்கிங் வெதர்" என்று தொடங்கிக் கேள்வியை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். பதிலே தெரியாது என்றால் "ஐ டிட் நாட் ஸ்டடி தட் பார்ட், ஐ வில் செக்." இதில் எதுவும் தலைகுனிவு இல்லை. தெரியாததைச் சுற்றிச் சுற்றிப் பேசுவதுதான் நடுவர்களுக்கு எரிச்சல்.

வரக்கூடிய கேள்விகள் பத்தைத் தோழிகளை விட்டே எழுத வாங்குங்கள். ஏன் இந்த முறை, செலவு என்ன, எங்கே தோற்கும் என்ற மூன்றும் எந்த புராஜெக்டுக்கும் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாக்கியத்தில் பதில். அதற்கு மேல் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு சரிவு வரும்

முன்னேற்றம் ஏணி மாதிரி ஏறாது. முதல் இரண்டு மாதம் அவளுக்கு உற்சாகம்தான். மூன்றாம் மாதம் திடீரென்று, "முன்னாடி பேசினத விட இப்ப மோசமா பேசுறேன் மாமா" என்றாள். பதிவுகளை எடுத்துக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை. மாறியிருந்தது காது. முன்பு கேட்காத பிழைகள் எல்லாம் இப்போது கேட்க ஆரம்பித்திருந்தன. இந்த இடத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஆகவே முதல் நாள் பதிவை அழிக்காதீர்கள். மாதம் ஒரு முறை அதே தலைப்பில், அதே இரண்டு நிமிடம் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எத்தனை முறை தடங்கினோம், எத்தனை வாக்கியத்தை முடித்தோம் என்ற இரண்டை மட்டும் எண்ணுங்கள். அவள் முதல் பதிவில் முடித்த வாக்கியம் நான்கு. ஐந்தாம் மாதம் பதினேழு.

தேர்வு நேரத்தில் மூன்று வாரம் நின்றும் போனது. திரும்ப வந்தபோது மாடியில் இரண்டு பேர்தான் மிச்சம். பரவாயில்லை என்று அதோடு தொடர்ந்தாள்.

பத்தாம் மாதம் அவள் துறையின் சிம்போசியம். வெளிக் கல்லூரியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், சுமார் 150 பேர். ஆறு நிமிடம் பேசினாள். ஓரிடத்தில் மறந்து, அட்டையைப் பார்த்து, தொடர்ந்தாள். நடுவர் கேட்ட கேள்வி புரியாமல் திரும்பக் கேட்கச் சொல்லி இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னாள். அதில் ஒன்று தவறான பதில் என்று பிறகு தெரிந்தது. பரிசு எதுவும் வரவில்லை.

இரவு போன் வந்தது. எடுத்ததும் நான் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன்.

"மாமா, அந்த மைக்கே சரியில்ல. கர்ருனு சத்தம். கடைசி ரெண்டு வரிசைக்கு நான் பேசினது கேட்டிருக்கவே கேட்டிருக்காது. அடுத்த தடவ முன்னாடியே போய் செக் பண்ணணும்."